210 மெகாவாட் ஜெனரேட்டர் நேம்பிளேட்டை எப்படிப் படிப்பது? 247 எம்விஏ, 15.75 கேவி, 9050 ஆம்பியர்

தெர்மல் புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். அனல்மின் நிலையத்தில் எலெக்ட்ரிகல் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். யூனிட் பழைய 210 மெகாவாட் வகை. குளிர்விக்க ஸ்டேட்டர் (நிற்கும் பகுதி) வைண்டிங்கில் தண்ணீர் ஓடும், ரோட்டருக்கு (சுழலும் பகுதி) ஹைட்ரஜன். நேம்பிளேட்டில் இருப்பது இது:

247 எம்விஏ, 210 மெகாவாட், பவர் ஃபேக்டர் 0.85 லேக்
ஸ்டேட்டர் 15,750 வோல்ட், 9050 ஆம்பியர், இரட்டை ஸ்டார்
3000 ஆர்பிஎம், 50 ஹெர்ட்ஸ்
ரோட்டர் 310 வோல்ட், 2600 ஆம்பியர்
இன்சுலேஷன் வகுப்பு பி
ஹைட்ரஜன் அழுத்தம் 3.5 கிலோ / சதுர சென்டிமீட்டர்

கேள்விகள்:

எம்விஏ (வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்கிய மொத்தத் திறன்), மெகாவாட் (அதில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) இரண்டும் போட்டிருக்கிறதே, இதில் எது உண்மையான வரம்பு? 15.75 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஹைட்ரஜன் அழுத்தத்தை ஏன் ரேட்டிங்கோடு சேர்த்து எழுதுகிறார்கள்?

கடைசியாக, எனக்கு முக்கியமானது. பகலில் சோலார் ஏறியதும் 230 கேவி பஸ் வோல்டேஜ் உயர்கிறது. லோடு டெஸ்பாட்சில் (கிரிட் கட்டுப்பாட்டு மையம்) இருந்து எம்வார் (வேலை செய்யாத ரியாக்டிவ் பவர்) உள்ளே வாங்கச் சொல்கிறார்கள். ஷிப்டில் உள்ளவர்கள் கொஞ்சம் வாங்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். லீடிங்கில் (எம்வார் உள்ளே வாங்கும் பக்கம்; வெளியே கொடுப்பது லேகிங்) எவ்வளவு போகலாம் என்று நேம்பிளேட்டில் ஒரு வார்த்தையும் இல்லை. அதை எங்கே பார்ப்பது?

---

ரிலே மேசை:

தம்பி, முதலில் அந்த எண்களை ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். 1.732 × 15.75 × 9.05 = 246.9. இதுதான் 247 எம்விஏ. அதை 0.85 ஆல் பெருக்கினால் 209.9, அதாவது 210 மெகாவாட். ஆக மின்சாரப் பகுதியில் தனித்து நிற்பவை வோல்டேஜ், ஆம்பியர், பவர் ஃபேக்டர் மூன்றும்தான். மற்றவை அவற்றின் பெருக்கல். நேம்பிளேட் படத்தை யாராவது அனுப்பினால் முதல் வேலையாக இந்தப் பெருக்கலைப் போடுங்கள். ஏதாவது ஓர் எண் தவறாக இருந்தால் இதில் உடனே மாட்டிக்கொள்ளும்.

எது உண்மையான வரம்பு என்று கேட்டால், மெகாவாட் டர்பைனின் வரம்பு, எம்விஏ ஜெனரேட்டரின் வரம்பு. ஸ்டேட்டர் செம்புக்கு பவர் ஃபேக்டர் என்றால் என்னவென்றே தெரியாது. 9050 ஆம்பியர் ஓடினால் அதற்குரிய சூடு வரும், அது மெகாவாட்டாகப் போகிறதா எம்வாராகப் போகிறதா என்பது அதற்கு வேறுபாடில்லை. கோரின் சூடு வோல்டேஜைப் பொறுத்தது. வோல்டேஜ், ஆம்பியர் இரண்டையும் தனித்தனியாக வரையறுத்தால் அவற்றின் பெருக்கமான எம்விஏதான் கையில் நிற்கும்.

அப்படியானால் 0.85 எதற்கு? அது ரோட்டரைப் பற்றிய தகவல். 210 மெகாவாட்டில் 0.85 லேக் என்றால் வெளியே போகும் எம்வார் 130. அந்த 130ஐக் கொடுக்க ரோட்டரில் 2600 ஆம்பியர் வேண்டும். அதே 247 எம்விஏவை 0.80 லேக்கில் எடுக்கப் போனால் ஸ்டேட்டர் 9050லேயே நிற்கும், ரோட்டர் 2600ஐத் தாண்டிவிடும். பேனலில் ஸ்டேட்டர் ஆம்பியர் மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு எம்வார் ஏற்றுகிறவர்கள் ரோட்டரைச் சுடுவது இப்படித்தான்.

15.75 என்பது 15 கேவிக்கு 5 சதவீதம் கூட்டியது. 6.3, 10.5, 15.75 என்று போகும் சோவியத் வரிசை. ஹரித்துவாரில் பெல் (பாரத் ஹெவி எலெக்ட்ரிகல்ஸ்) நிறுவனம் சோவியத் ஒத்துழைப்போடு பெரிய செட் செய்யத் தொடங்கியபோது கூடவே வந்த எண் அது. பிறகு ஜெர்மன் வடிவமைப்புக்கு மாறியபோதும் 210 மெகாவாட்டுக்கு அதே 15.75 நீடித்தது. 500 மெகாவாட்டுக்குப் போனால் 588 எம்விஏ, 21 கேவி, 16.2 கிலோ ஆம்பியர்.

எம்விஏ 2.4 மடங்கு ஆனபோது வோல்டேஜ் 1.33 மடங்குதான் ஏறியிருக்கிறது, கவனித்தீர்களா? வோல்டேஜை ஏற்றினால் பாரைச் சுற்றியுள்ள மைக்கா தடிக்க வேண்டும். தடித்தால் அதே சிலாட்டில் செம்புக்கு இடம் குறையும், சூடு வெளியேறுவதும் கடினமாகும். அதனால் ஆம்பியரை ஏற்றி, அந்தச் சூட்டை எடுக்கக் கூலிங்கைப் பலப்படுத்தினார்கள்.

உங்கள் யூனிட்டில் சிடி (அளப்பதற்காகக் கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) ரேஷியோ 10000/5 ஆக இருந்தால் முழு லோடில் செகண்டரியில் 4.52 ஆம்பியர் வர வேண்டும். ரிலே டிஸ்பிளேயில் அதை ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள், நேம்பிளேட் மனதில் ஒட்டிக்கொள்ளும்.

---

கேஸ் பிளாண்ட்:

ஹைட்ரஜன் கேள்விக்கு நான் வருகிறேன்.

இந்த அளவு ஜெனரேட்டரின் செயல்திறன் 98.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. மிச்சம் உள்ள ஒன்றரை சதவீதம் என்றால் 3 மெகாவாட்டுக்கு மேல் வெப்பம், ஓர் அறை அளவுள்ள உறைக்குள். அதை இடைவிடாமல் வெளியே எடுத்தால்தான் 247 என்ற எண் நிற்கும். ரேட்டிங் என்று நாம் சொல்வதே இவ்வளவு வெப்பத்தை எடுக்க முடியும் என்ற கணக்குதான். அதனால்தான் அழுத்தம் பிளேட்டில் ஏறியிருக்கிறது.

ஹைட்ரஜனின் அடர்த்தி காற்றில் 14இல் ஒரு பங்கு. 3000 ஆர்பிஎம்மில் சுற்றும் ரோட்டர் காற்றைக் கடைந்து வீணாக்கும் சக்தி இதனால் வெகுவாகக் குறைகிறது. வெப்பத்தைக் கடத்தும் திறன் காற்றைவிட ஏறக்குறைய 7 மடங்கு. அழுத்தத்தைக் கூட்டினால் அதே கன அளவில் கூடுதல் வாயு, கூடுதல் வெப்பம் சுமக்கும். அழுத்தம் இறங்கினால் இதெல்லாம் தலைகீழ்.

ஆகவே 3.5இல் இருந்து அழுத்தம் 3க்கு இறங்கினால் எவ்வளவு லோடு குறைக்க வேண்டும் என்பதை மனக்கணக்காகப் போடாதீர்கள். தயாரிப்பாளர் கொடுத்த கேப்பபிலிட்டி வரைபடத்தில் (எத்தனை மெகாவாட்டில் எத்தனை எம்வார் வரை போகலாம் என்று காட்டும் படம்) ஒவ்வொரு அழுத்தத்துக்கும் தனி வளைவு இருக்கும். அதைப் பாருங்கள். உங்கள் மெஷினில் ரோட்டர் முழுக்க ஹைட்ரஜனை நம்பி இருக்கிறது, ஸ்டேட்டர் தண்ணீரை நம்பி இருக்கிறது. எனவே அழுத்தக் குறைவு முதலில் கடிப்பது ரோட்டரை, அதாவது லேகிங் எம்வாரை. ஸ்டேட்டரையும் ஹைட்ரஜனே குளிர்விக்கும் 210 மெகாவாட் வகையும் இருக்கிறது. அதன் வளைவு வேறு. பக்கத்து நிலையத்தின் வளைவை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

தூய்மை 97, 98 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. காற்றில் ஹைட்ரஜன் 4 முதல் 75 சதவீதம் வரை இருந்தால் தீப்பற்றும். 97இல் இருந்து 75 ரொம்ப தூரம் என்று தோன்றும். ஆனால் தூய்மை இறங்குகிறது என்றால் சீல் ஆயில் வழியாகக் காற்று உள்ளே வருகிறது என்று பொருள். காரணத்தைத் தேடாமல் வாயுவை வெளியேற்றிப் புதிது நிரப்பிக்கொண்டே இருப்பது மருந்து அல்ல. சீல் ஆயில் வேக்குவம் டேங்க் சரியாக இழுக்கிறதா, ஹைட்ரஜன் பக்கத்து ஆயிலும் காற்றுப் பக்கத்து ஆயிலும் கலக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உங்கள் சீல் எந்த வகை என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று பொருந்தும். காற்றிலிருந்து ஹைட்ரஜனுக்கோ ஹைட்ரஜனிலிருந்து காற்றுக்கோ மாறும்போது நடுவில் கார்பன் டை ஆக்ஸைடு கட்டாயம். இதில் குறுக்குவழி கிடையாது.

ஸ்டேட்டர் தண்ணீரில் கவனிக்க இரண்டு. ஒன்று, தண்ணீர் அழுத்தம் எப்போதும் ஹைட்ரஜன் அழுத்தத்துக்குக் கீழே இருக்க வேண்டும். டெஃப்லான் குழாயில் ஓட்டை விழுந்தால் வாயு தண்ணீருக்குள் போகட்டும், தண்ணீர் வைண்டிங் மேல் தெளிக்கக் கூடாது. தண்ணீர் டேங்கின் வென்ட்டில் ஹைட்ரஜன் தென்பட ஆரம்பித்தால் அதுதான் செய்தி. கேஸ் அழுத்தம் இறங்கும்போது இந்த இடைவெளியும் சுருங்குகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு, உள்ளீடற்ற செம்புக் குழாய்கள் காப்பர் ஆக்ஸைடால் அடைபடுவது. தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன் மிகக் குறைவாகவோ, நன்றாக அதிகமாகவோ இருந்தால் செம்பின் மேல் படலம் நிலையாக இருக்கும். இரண்டும் கெட்டானாக நடுவில் ஊசலாடும்போதுதான் படலம் உரிந்து வந்து அடைக்கிறது. சிலாட் ஆர்டிடி (சூட்டை அளக்கும் சென்சார்) எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க, ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 8, 10 டிகிரி தனித்து நின்றால் அலாரம் வரும்வரை காத்திருக்காதீர்கள். முதலில் ஆர்டிடி ஒயரைச் சரிபாருங்கள். அது சரியாக இருந்தால், அந்தப் பாரில் தண்ணீர் குறைந்திருக்கிறது. வகுப்பு பி என்றால் 130 டிகிரி வரை தாங்கும் என்பது இன்சுலேஷன் பொருளைப் பற்றிய பேச்சு. உங்கள் மெஷின் சாதாரணமாக ஓடும் சூடு அதற்கு வெகு கீழே. ஆகவே 130ஐ இலக்காக வைத்துக்கொள்ள வேண்டாம்.

---

சுழலி:

லீடிங் கேள்விக்கு விடை கேப்பபிலிட்டி வரைபடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வளைவு ஏன் அப்படி வளைகிறது என்று தெரிந்தால் டெஸ்பாட்சுக்குப் பதில் சொல்வது எளிது. கொஞ்சம் கணக்கு போடலாம்.

சின்க்ரோனஸ் ரியாக்டன்ஸ் (மெஷினுக்குள் கரண்டுக்கு இருக்கும் தடுப்பு) 2.0 பெர் யூனிட் (ரேட்டட் மதிப்பை 1 ஆக வைத்த அளவு) என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் டெஸ்ட் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைப் போட்டு மறுபடி கணக்கிடுங்கள். சாச்சுரேஷனை (இரும்பு அதற்கு மேல் காந்தம் ஏற்காமல் நிரம்புவதை) விட்டுவிடுவோம்.

ரோட்டர் கரண்ட் வட்டத்தின் மையம் எம்வார் அச்சில் 247 ÷ 2 = 123.5 லீடிங் புள்ளியில் இருக்கும். அங்கிருந்து 210 மெகாவாட், 130 எம்வார் புள்ளி வரை உள்ள தூரம்தான் ரோட்டரின் வரம்பு. 210இன் வர்க்கம், 253.6இன் வர்க்கம், இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 329.

இப்போது லோடை 180 மெகாவாட்டுக்கு இறக்குகிறீர்கள். ஸ்டேட்டர் கணக்குப்படி 169 எம்வார் வரை லேகிங் கொடுக்கலாம். ரோட்டர் கணக்குப்படி 152தான். சின்னது எதுவோ அதுதான் வரம்பு. மெகாவாட் பூஜ்யமாக இருந்தாலும் 247 எம்வார் கிடைக்காது, 206 அளவில் ரோட்டர் நிறுத்திவிடும். முன்னால் ரிலே மேசை சொன்னதன் படம் இது.

லீடிங் பக்கம் வாருங்கள். லோடு ஆங்கிள் என்பது அதே மையத்திலிருந்து பார்க்கும் கோணம். 210 மெகாவாட், 0.85 லேகில் அது 40 டிகிரி. எம்வார் பூஜ்யத்தில் 59.5 டிகிரி. 0.95 லீடிங்குக்குப் போனால் 69 எம்வார் உள்ளே வருகிறது, கோணம் 75 டிகிரியைத் தாண்டுகிறது. 90இல் கிரிட்டோடு உள்ள பிடி விட்டுப்போகும். இதுகூட ஜெனரேட்டர் முனை வரைக்கான கோணம்தான். ஜெனரேட்டர் டிரான்ஸ்ஃபார்மர், லைன் இவற்றின் ரியாக்டன்ஸையும் சேர்த்தால் நிலைமை இன்னும் இறுக்கம். உங்கள் ஷிப்ட் ஆட்கள் கொஞ்சம் வாங்கிவிட்டு நிறுத்திக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

லோடைக் குறைத்தால் இடம் கிடைக்கும். 130 மெகாவாட்டில் அதே 69 எம்வாரை வாங்கினால் கோணம் 67 டிகிரி. பகலில் சோலாருக்காக எப்படியும் பேக்டவுன் செய்கிறோம், அந்த நேரத்தில் முழு லோடில் இருப்பதைவிடக் கூடுதலாக வாங்க முடியும்.

ஆனால் கோணம் மட்டும் அல்ல, சூடும் இருக்கிறது. ரோட்டர் கரண்ட் குறையும்போது ரோட்டர் முனையில் உள்ள ரிடெய்னிங் ரிங் சாச்சுரேஷனிலிருந்து வெளியே வருகிறது. அதுவரை அடங்கியிருந்த ஓரத்து ஃப்ளக்ஸ் ஸ்டேட்டர் கோரின் கடைசி லேமினேஷன்களுக்குச் செங்குத்தாக நுழைகிறது. லேமினேஷன் தகட்டின் தளத்திலேயே எடி கரண்ட் ஓடும். அங்கே சிலாட் ஆர்டிடி இல்லை. கோர் முனையில் தெர்மோகப்பிள் வைத்திருந்தால் மட்டுமே தெரியும். ரிங் காந்தம் பிடிக்காத உலோகமாக இருந்தால் இந்தப் பாதிப்பு குறைவு. ஆனாலும் வளைவில் லீடிங் பக்கம் உள்ளே ஒடுங்கி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதி என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய மின்சார ஆணையத்தின் கிரிட் இணைப்பு விதிமுறைகளில், லோடு மையத்துக்கு அருகில் உள்ள யூனிட் 0.85 லேகிலிருந்து 0.95 லீட் வரை, தொலைவில் உள்ளது 0.9 லேகிலிருந்து 0.95 லீட் வரை ஓட முடிய வேண்டும் என்று இருக்கிறது. பழைய மெஷினின் வளைவு அதற்கு இடம் கொடுக்காவிட்டால், வளைவை எழுத்தில் டெஸ்பாட்சுக்குக் கொடுத்து வையுங்கள். போனில் வாதாடுவதைவிட அது நல்லது.

செய்முறை: ஏவிஆர் (ஜெனரேட்டர் வோல்டேஜைத் தானே சரிசெய்யும் கருவி) ஆட்டோவில் இருக்க வேண்டும். மேனுவலில் லீடிங் போகவே போகாதீர்கள், கிரிட் வோல்டேஜ் திடீரென்று மாறினால் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. அண்டர் எக்ஸைட்டேஷன் லிமிட்டர் (ரோட்டர் கரண்ட் அளவுக்கு மீறிக் குறையாமல் தடுப்பது) எந்தக் கோட்டில் செட் ஆகியிருக்கிறது, ஃபீல்டு ஃபெயிலியர் ரிலே 40 (40 என்பது ரிலே வகையின் குறியெண்) எங்கே செட் ஆகியிருக்கிறது, இரண்டையும் ஒரே தாளில் கேப்பபிலிட்டி வளைவின் மேல் வரையுங்கள். லிமிட்டர் முதலில் வர வேண்டும், ரிலே அதற்கு வெளியே. பல இடங்களில் ஏவிஆர் மாற்றிய பிறகு லிமிட்டர் கோடு ரிலேக்கு வெளியே போய்விடுகிறது. அப்போது லிமிட்டர் தடுப்பதற்கு முன்பே மெஷின் ட்ரிப் ஆகும்.

---

தெர்மல் புதுசு:

சுழலி அண்ணா, மிக்க நன்றி. எங்கள் டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்துப் போட்டுப் பார்க்கிறேன்.

இன்னும் இரண்டு. வோல்டேஜ் ±5 சதவீதம் என்று மேனுவலில் இருக்கிறது. 14.96 கேவியில் ஓடினாலும் 247 எம்விஏ எடுக்கலாமா? அடுத்து, நெகடிவ் சீக்வென்ஸ் 8 சதவீதம், 8 செகண்ட் என்று ஒரு வரி. இரண்டு எட்டுக்கும் என்ன தொடர்பு?

---

ரிலே மேசை:

14.96இல் 247 எம்விஏ வேண்டுமென்றால் 9530 ஆம்பியர் ஓட வேண்டும். ஐஇசி 60034 ±5 சதவீத வோல்டேஜ், ±2 சதவீத ஃப்ரீக்வென்சிக்குள் மெஷின் வேலை செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் ஓரத்துக்குப் போகப் போகச் சூடு ரேட்டட் அளவைவிட ஏறும் என்பதையும் அதுவே ஒப்புக்கொள்கிறது. அவசரத்துக்குச் சரி, நாள் முழுக்க அங்கேயே ஓட்டுவது தவறு. ஜெனரேட்டர் டிரான்ஸ்ஃபார்மர் டேப்பைச் சரிசெய்து 15.75 அருகே கொண்டு வாருங்கள்.

மேல் ஓரத்தில் சிக்கல் வேறு. 16.54 கேவி, அந்த நேரம் ஃப்ரீக்வென்சி 49 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.05ஐ 0.98 ஆல் வகுத்தால் 1.07. கோரில் ஃப்ளக்ஸ் 7 சதவீதம் கூடுதல். இதற்குத்தான் வோல்ட் பெர் ஹெர்ட்ஸ் ரிலே 24. கிரிட்டில் 49.90 முதல் 50.05 வரைதான் அனுமதி என்பதால் ஓடும்போது இது அரிது. ஆபத்து யூனிட் எடுக்கும்போதுதான். வேகம் 2700 ஆர்பிஎம்மில் இருக்கும்போது யாராவது எக்ஸைட்டேஷன் போட்டு 15.75க்கு ஏற்றினால் 1.11. ஜெனரேட்டர் மட்டுமல்ல, டிரான்ஸ்ஃபார்மர் கோரும் சேர்ந்து வேகும். 3000 தொட்ட பிறகே ஃபீல்டு பிரேக்கர்.

நெகடிவ் சீக்வென்ஸ். மூன்று ஃபேஸ் சமமாக இல்லாதபோது ஸ்டேட்டரில் எதிர்த்திசையில் சுற்றும் ஒரு காந்தப்புலம் உருவாகிறது. ரோட்டர் ஒரு திசையில், அது எதிர்த்திசையில். ஆகவே ரோட்டரின் தோலில் 100 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும். அது ரோட்டர் வைண்டிங்கில் ஓடுவதில்லை. பல், வெட்ஜ், ரிடெய்னிங் ரிங் உட்காரும் இடம், இப்படி மேற்பரப்பிலேயே ஓடும். வெட்ஜ் துண்டுகள் சந்திக்கும் இடத்தில் தீப்பொறி பறக்கும், அலுமினியக் கலவை வெட்ஜ் இளகும். பேனல் ரூமில் எந்தச் சத்தமும் கேட்காது.

உங்கள் இரண்டு எட்டும் வேறு வேறு. முதலாவது, ரேட்டட் கரண்டில் 8 சதவீதம், அதாவது 724 ஆம்பியர் நெகடிவ் சீக்வென்ஸ் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டாவது, கொஞ்ச நேரத்துக்கான சூட்டுக் கணக்கு: நெகடிவ் சீக்வென்ஸ் கரண்டைப் பெர் யூனிட்டில் எடுத்து, வர்க்கப்படுத்தி, செகண்டால் பெருக்கினால் 8ஐத் தாண்டக் கூடாது. 1 பெர் யூனிட் என்றால் 8 செகண்ட். 0.5 என்றால் 32 செகண்ட். செம்பை நேரடியாகக் குளிர்விக்கும் ரோட்டரில், 350 எம்விஏ வரை இந்த அளவு. அதற்கு மேலே மெஷின் பெரிதாகப் பெரிதாகத் தாங்கும் சக்தி குறைகிறது. 588 எம்விஏ மெஷினுக்கு அதே விதிப்படி 7.2 சதவீதம், 6.7 செகண்ட்.

நடைமுறையில் இது எங்கே வரும்? 230 கேவி பிரேக்கரில் ஒரு துருவம் திறக்காமலோ மூடாமலோ மாட்டிக்கொள்ளும்போது. டிரான்ஸ்ஃபார்மரின் டெல்டா பக்கம் இரண்டு ஃபேஸில் மட்டும் ரேட்டட் கரண்ட் ஓடுகிறது என்று வையுங்கள். நெகடிவ் சீக்வென்ஸ் 0.577. வர்க்கம் 0.333. 8ஐ அதால் வகுத்தால் 24 செகண்ட். போனை எடுத்து ஸ்விட்ச்யார்டைக் கூப்பிடுவதற்குள் போய்விடும். ஆகவே பிரேக்கரின் போல் டிஸ்கிரிபன்சி ரிலேயும் (துருவங்கள் ஒன்றுபோல் இல்லாததைக் கண்டுபிடிப்பது) பிரேக்கர் ஃபெயிலியர் ரிலேயும் வேலை செய்கின்றனவா என்பதை ஓவர்ஹாலில் உண்மையாகவே இயக்கிப் பாருங்கள். நெகடிவ் சீக்வென்ஸ் ரிலே 46 ட்ரிப் கொடுத்தாலும், ஒட்டிக்கொண்ட பிரேக்கர் அதைக் கேட்கப் போவதில்லை. பஸ்ஸைக் காலி செய்தால்தான் மெஷின் தப்பும்.

---

கோஜென் பாய்லர் ஹவுஸ்:

குறுக்கே நுழைவதற்கு மன்னிக்கவும் சார். சர்க்கரை ஆலை இணை மின் உற்பத்திக்கு, பயன்படுத்திய 20 மெகாவாட் செட் ஒன்று விலைக்கு வருகிறது. 25 எம்விஏ, 11 கேவி, 1312 ஆம்பியர், 0.8 லேக், 1500 ஆர்பிஎம், இன்சுலேஷன் எஃப், பிரஷ்லெஸ், தண்ணீர்க் கூலர் வைத்த காற்றுக் குளிர்ப்பு. விற்பவர் "எஃப் கிளாஸ் என்பதால் 22 மெகாவாட் தாராளமாக எடுக்கலாம்" என்கிறார். நம்பலாமா? வாங்குமுன் என்னென்ன டெஸ்ட் கேட்க வேண்டும்?

---

சுழலி:

பிளேட் கணக்கு சரியாக இருக்கிறது: 1.732 × 11 × 1.312 = 25. ஆனால் விற்பவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எஃப் என்பது இன்சுலேஷன் 155 டிகிரி தாங்கும் என்று சொல்கிறது. மெஷின் எவ்வளவு சூடேற அனுமதி என்பது தனி வரி, டெம்பரேச்சர் ரைஸ். "இன்சுலேஷன் எஃப், ரைஸ் பி" என்று வாங்குவதுதான் இந்தப் பக்கம் வழக்கம். அந்த இடைவெளி ஆயுளுக்காக விட்டது. அதை 2 மெகாவாட்டாக மாற்றிக்கொள்ளலாமா என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்ல வேண்டும். ரைஸ் ஏற்கனவே எஃப் என்றே இருந்தால் அந்த இடைவெளியே இல்லை, 25 எம்விஏதான் கடைசி.

பவர் ஃபேக்டர் வழியாக ஒரு நேர்மையான வழி இருக்கிறது. 22 மெகாவாட்டை 0.88 லேகில் எடுத்தால் 25 எம்விஏதான் ஆகிறது. ஸ்டேட்டருக்கு ஏற்றமில்லை, ரோட்டருக்கு இறக்கம்கூட. டர்பைன், கியர்பாக்ஸ், கப்ளிங் 22 தாங்குமா என்பதுதான் அப்போது கேள்வி. அதோடு, ஆலையின் எம்வார் தேவையை கபாசிட்டர் பேங்க் ஏற்க வேண்டும்.

கூலருக்குள் நுழையும் தண்ணீர் எத்தனை டிகிரி என்று வைத்து இந்த ரேட்டிங் போடப்பட்டது என்று டேட்டா ஷீட்டில் பாருங்கள். குளிர் நாட்டில் ஓடிய செட் என்றால் அந்த எண் குறைவாக இருக்கும். நம் ஊர் கோடையில் கூலிங் டவர் தண்ணீர் 32, 33க்குக் கீழே இறங்காது. தண்ணீர் எத்தனை டிகிரி கூடுகிறதோ, வைண்டிங் காற்றும் ஏறக்குறைய அத்தனை டிகிரி கூடும்.

கேட்க வேண்டிய காகிதங்கள்: ஓப்பன் சர்க்யூட், ஷார்ட் சர்க்யூட் வளைவுகள், கேப்பபிலிட்டி வளைவு, ரியாக்டன்ஸ் பட்டியல், ஹீட் ரன் ரிப்போர்ட். சப்டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ் 0.15 என்று இருந்தால், ஃபால்ட்டின் முதல் கணத்தில் இந்த மெஷின் மட்டும் 8.7 கிலோ ஆம்பியர் உங்கள் 11 கேவி பஸ்ஸுக்குள் தள்ளும். இருக்கிற சுவிட்ச்கியர், கிரிட் பக்கத்திலிருந்து வருவதோடு சேர்த்து இதையும் தாங்குமா என்று முதலில் பாருங்கள். செட் மலிவாகக் கிடைத்து, 11 கேவி போர்டு முழுக்க மாற்ற வேண்டி வந்தால் லாபமில்லை.

---

ரிலே மேசை:

டெஸ்ட் பகுதிக்கு நான் சொல்கிறேன்.

மெக்கர் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் டெஸ்ட்) 5 கேவியில், ஒவ்வொரு ஃபேஸும் தனியாக, மற்ற இரண்டும் எர்த்தில். 1 நிமிட மதிப்பு 40 டிகிரிக்கு மாற்றிய பின் குறைந்தது 100 மெகா ஓம். 10 டிகிரி ஏறினால் மதிப்பு பாதியாகும் என்று வைத்து மாற்றலாம். 10 நிமிட மதிப்பை 1 நிமிட மதிப்பால் வகுத்தால் 2க்கு மேல் வர வேண்டும். 1 நிமிடத்திலேயே 5000 மெகா ஓமைத் தாண்டினால் இந்த விகிதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நெடுநாள் நின்ற மெஷின் என்றால் ஸ்பேஸ் ஹீட்டர் ஓடியதா என்று கேளுங்கள். மதிப்பு குறைவாக வந்தால் ஈரமா, அழுக்கா, சேதமா என்பது உலர்த்திய பிறகுதான் தெரியும். உலர்த்தாமல் விலை பேசி முடிக்காதீர்கள்.

வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் மூன்று ஃபேஸுக்கும் ஒன்றுக்கொன்று 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருக்கும் ஃபேஸில் பிரேசிங் ஜாயின்ட் விட்டிருக்கும்.

டான் டெல்டாவைப் (இன்சுலேஷனில் வீணாகும் மின்சாரத்தின் அளவு) படிப்படியாக வோல்டேஜ் ஏற்றி எடுக்கச் சொல்லுங்கள். ஒற்றை மதிப்பு எதையும் சொல்லாது. வோல்டேஜ் ஏற ஏற மதிப்பு எவ்வளவு துள்ளுகிறது என்பதுதான் இன்சுலேஷனுக்குள் இருக்கும் வெற்றிடங்களைக் காட்டும்.

ஹை வோல்டேஜ் டெஸ்டில் பெரும்பாலும் சண்டை வரும். புதிய மெஷினுக்குத் தொழிற்சாலையில் இரண்டு மடங்கு வோல்டேஜும் 1 கேவியும், அதாவது 11 கேவிக்கு 23 கேவி, 1 நிமிடம். ஓடிய மெஷினுக்கு அதே 23ஐக் கேட்காதீர்கள், நல்ல வைண்டிங்கும் அடிபடும். ஓவர்ஹால் ஆன மெஷினுக்கு ஒன்றரை மடங்கு, 16.5 கேவி. அதையும் மெக்கர், டான் டெல்டா இரண்டும் திருப்தியான பிறகே.

ரோட்டரை வெளியே இழுக்காமல் கொடுப்பதை ஏற்காதீர்கள். இழுத்தால்தான் ஸ்டேட்டர் வெட்ஜைத் தட்டிப் பார்க்க முடியும், தளர்ந்த வெட்ஜ் ஓட்டைப் பானைபோல் சத்தம் கொடுக்கும். சிலாட் வாயில் வெள்ளைத் தூள் தெரிந்தால் பார் அதிர்ந்து தேய்கிறது, அல்லது கரோனா தின்கிறது. கோருக்கு எல்சிட் டெஸ்ட் (லேமினேஷன்களுக்கு இடையே ஷார்ட் இருக்கிறதா என்று பார்ப்பது). ரோட்டர் துருத்திய துருவ வகை என்றால் போல் டிராப் டெஸ்ட், ஒவ்வொரு துருவத்தின் குறுக்கேயும் ஏசி வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே மாதிரி வர வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தத் துருவத்தில் சுற்றுகள் ஷார்ட் ஆகியிருக்கின்றன. சுழலும் டையோடு ஒவ்வொன்றையும் கழற்றி மீட்டரில் பாருங்கள்.

எக்ஸைட்டர் பக்கத்து பேரிங்கின் இன்சுலேஷன் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. இது போனால் ஷாஃப்ட் கரண்ட் பேரிங் வழியாகச் சுற்றி வெள்ளை உலோகத்தைச் சாப்பிடும். பேரிங்கைத் திறந்தால் பளபளப்பான பரப்பு மங்கி, உறைபனி படிந்ததுபோல் தெரியும். பெரும்பாலும் இன்சுலேஷன் கெட்டிருக்காது. ஆயில் பைப்பையோ வைப்ரேஷன் புரோப் பிராக்கெட்டையோ இன்சுலேஷனைத் தாண்டி நேராக முறுக்கி வைத்திருப்பார்கள். அந்த பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி மெக்கர் போடச் சொல்லுங்கள்.

---

கோஜென் பாய்லர் ஹவுஸ்:

மிக்க நன்றி சார். டேட்டா ஷீட்டில் கூலர் தண்ணீர் 27 டிகிரி என்று போட்டிருக்கிறது. இப்போதுதான் கவனித்தேன்.

---

சுழலி:

அப்படியானால் 22ஐ விடுங்கள், 20 வருகிறதா என்பதே கேள்வி. 33 டிகிரி தண்ணீருக்கு எத்தனை எம்விஏ என்று தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். அந்தக் கடிதம் வந்த பிறகு விலை பேசுங்கள். கூடுதல் பரப்புள்ள கூலர் மாட்ட அந்த உறையில் இடம் இருக்கிறதா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.